கண்மாயில் பறவை பூஜ்யம்

அந்த நோட்டுப் பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதியிருந்தது. அதை அழிக்கக் கூடாது என்று நான் சொன்னேன். விஷயம் இவ்வளவுதான். இதற்காகக் கல்லூரியில் என்னென்ன பேச்சு நடந்தது, நான் என்ன பேசினேன் என்பதை நானே எழுதி வைக்கிறேன். மற்றவர்கள் சொல்லும்போது ஒன்று என்னைப் பாவப்பட்டவளாக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் வாயாடியாக்கிவிடுகிறார்கள். நான் இரண்டும் இல்லை. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் எனக்கு அவசரமும் இல்லை.

மதுரையில் ஒரு கல்லூரி. அதில் விலங்கியல் துறையில் பதினெட்டு வருஷம் லேப் அட்டெண்டராக இருந்தேன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, ஜாடிகளில் ஃபார்மலின் குறைந்தால் ஊற்றுவது, மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது, மைக்ராஸ்கோப்புக்கு உறை மாட்டி அடுக்குவது எல்லாம் என் வேலை. ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் இன்னும் ஒரு வருஷம் என்று ஒரு கடிதம் வரும். வயது அறுபதைத் தாண்டிய பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது. என் அளவுக்கு ஜாடி உடைக்காமல் வேலை பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். யாருடைய தயவும் இல்லை.

மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பருவத்தில் புராஜெக்ட் என்று ஒன்று உண்டு. ஏதோ ஓர் உயிரை எடுத்துக்கொண்டு தாங்களே போய்ப் பார்த்து, எண்ணி, அளந்து, எழுதி, பைண்டு போட்டுக் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வந்து கேள்வி கேட்டு மார்க் போடுவார். அந்தப் புராஜெக்டுகள் எப்படித் தயாராகும் என்று எனக்குத் தெரியும். குப்பைக் கூடையைக் கொட்டுகிறவளுக்குத் தெரியாத ரகசியம் ஒரு துறையில் இருக்க முடியாது.

மண்புழு எண்ணப் போன இரண்டு பையன்கள் ஒருநாள் கேண்டீனில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். மேசையில் புழுவும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டு பஃப்ஸ்தான் இருந்தன.

"மாப்ள, நாப்பத்திரண்டு போட்டாச்சு. அடுத்து என்ன போட?"

"நாப்பத்தஞ்சு போடு. அதுக்கடுத்து ஒன்னக் கொறச்சுக்க. ஏறிக்கிட்டே போனா சந்தேகம் வரும்."

நான் பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "ஏய்யா, அந்தப் புழுவ நெனச்சு ஒரு கும்புடாவது போட்டுட்டு எழுதுங்கய்யா" என்றேன்.

"அக்கா, காட்டிக் குடுத்துராதீக" என்று சிரித்தார்கள்.

காட்டிக் கொடுக்கவில்லை. அது அவர்கள் எண்ணிக்கை, அவர்கள் பாடு. அதில் என் கையெழுத்து இல்லை.

என் கையெழுத்து இருக்கிற நோட்டு வேறு. எங்கள் கல்லூரியில் ஒரு சட்டம். மாணவிகள் படிப்பு வேலையாக வெளியே போனால் துணைக்கு ஒரு பெண் ஊழியர் போக வேண்டும். கண்மாய்க்கும் வயலுக்கும் விடியற்காலையில் போக வேண்டியிருக்கும். பாடம் நடத்துகிற அம்மாமாருக்கு அந்த நேரத்தில் வீட்டில் இட்லி அவிக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்ற வேண்டும். அதனால் என்னை அனுப்புவார்கள். போன நேரம், வந்த நேரம், மாணவி எழுதிய எண்ணிக்கை எல்லாம் ஒரு பக்கத்தில் இருக்கும். அதன் அடியில், உடன் சென்றவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். நாற்பது வயதில் படித்துப் பழகிய கையெழுத்து. நான் போகாத இடத்துக்கு அதைப் போட்டதில்லை. ஒரு தடவை ஒரு பெண், "நாலு பக்கத்துக்குச் சேத்துப் போட்டுருங்கக்கா, நாங்களே போயிக்கிறோம்" என்று கெஞ்சினாள். "நாலு நாளும் வாரேன். வந்துட்டுப் போடுறேன்" என்றேன். நாலு நாளும் போனேன்.

இந்தக் கதைக்குரிய பெண் போன வருஷம் மூன்றாம் ஆண்டில் இருந்தாள். வீட்டில் சௌராஷ்டிர பாஷை பேசுகிற நெசவுக் குடும்பத்துப் பெண். அப்பாவுக்கு இப்போது தறி இல்லை, ஜவுளிக் கடையில் வேலை. மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. மதுரையை விட்டு அவள் அதிகம் வெளியே போனதில்லை. ஆனால் அவள் எடுத்துக்கொண்ட புராஜெக்ட் கண்மாயில் நீர்ப்பறவை எண்ணுவது. பத்து வாரம், சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும், காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை. விளாங்குடி தாண்டி, சோழவந்தான் பக்கம் ஒரு கண்மாயை அவளாகவே செல்போனில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அது நான் பிறந்த ஊர்க் கண்மாய். அது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்த ஊர் மேல் எனக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. என்னைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்து, கடைசிவரை ஒரு குழி நிலம் இல்லாமல் செத்துப்போன ஊர். எனக்கு மதுரை போதும்.

முதல் நாள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது, "ஆயாம்மா, நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க" என்றாள்.

"ஆயாம்மா எவ? அக்கான்னு கூப்புடு."

என் தலையைப் பார்த்தாள். முழுக்க வெள்ளை. "சரிக்கா" என்றாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கரையில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில் நின்றுதான் எண்ணுவாள். கொக்கு, நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் என்று தனித்தனியாக நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வருவாள். நாலு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே. தண்ணீரிலோ சேற்றிலோ நிற்கிறதை மட்டும்தான் எண்ண வேண்டும், மேலே பறந்து போகிறதைச் சேர்க்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு விதி. ஒரு நாள் அறுபத்துநாலு என்றாள். எனக்குப் பொழுது போகாமல் நானும் எண்ணியிருந்தேன். "அறுபத்தஞ்சு" என்றேன். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நாணலுக்குப் பின்னால் ஒரு மடையான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அறுபத்துநாலை அடித்துவிட்டு அறுபத்தஞ்சு என்று எழுதினாள். ஒரே ஒரு மடையானுக்காக எட்டே முக்கால் பஸ் போய்விட்டது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். கேண்டீன் பையன்களை நினைத்துக்கொண்டேன். இவள் வேறு மாதிரி என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

எண்ணிக்கை பெரும்பாலும் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில்தான் இருந்தது. மாசி மாதம் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. எட்டாவது வாரம் சனிக்கிழமை நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கரை முழுக்க ஜனம். டூவீலர், மினி வேன், டிராக்டர். வலை, கச்சா வலை, கூடை, கொசுவலைத் துணி, எது கிடைத்ததோ அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு மீன்பிடித் திருவிழா. தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் குறித்து, சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதும் சுற்றுப்பட்டு ஜனம் எல்லாம் ஒன்றாகக் கண்மாயில் இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது. குழம்பு வைத்துத் தின்ன வேண்டும், சொந்தபந்தத்துக்குக் கொடுக்க வேண்டும்.

பறவை ஒன்றுகூட இல்லை. அந்தச் சத்தத்துக்கு எது நிற்கும்? மேலே பருந்துகள் வட்டம் போட்டன. அவை கணக்கில் சேராது.

"போயிருவமாத்தா? அதான் ஒன்னுமில்லையே" என்றேன்.

"இல்லக்கா. எட்டரை வரைக்கும் நிக்கணும். ஒன்னு வந்து உக்காந்தாலும் எண்ணணும்ல?"

இரண்டு மணி நேரம் அந்தப் பெண் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெறும் கண்மாயைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஆட்கள் சும்மா விடுவார்களா? "பாப்பா, வெரால் எங்கிட்டு கெடக்குன்னு அதுல பாத்துச் சொல்லு பாப்பா. குழம்பு ஒனக்கும் குடுத்து விடுறோம்" என்றார் ஒருவர். அவள் சிரிக்கக்கூட இல்லை. எட்டரைக்கு நோட்டைத் திறந்து எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டாள்.

அவள் நோட்டை மூடி ஐந்து நிமிஷம் இருக்காது. பெரியவர் துண்டைக் கையில் எடுத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதில் இதே கரையில் நின்றிருக்கிறேன், என் அம்மாவோடு. அப்போதும் துண்டு வீசுவார்கள். ஆனால் எங்கள் தெரு இறங்கக் கூடாது. மற்றவர்கள் எல்லாம் இறங்கி, அலசி, பை நிறைந்து மேலே ஏறிய பிறகு ஒருவர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டுவார். அதன் பிறகுதான் நாங்கள். மிதிபட்டுச் செத்த கெண்டைக் குஞ்சும் சேறும்தான் மிச்சம் இருக்கும். என் அம்மா அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டு நின்ற நிற்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிற்பாடு நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்துவிட்டேன். எங்கள் தெருப் பையன்கள் ஒரு வருஷம் துண்டு வீசியதுமே மற்றவர்களோடு சேர்ந்து இறங்கினார்களாம். அடிதடி ஆனதாம். அடுத்த வருஷமும் இறங்கினார்களாம். இப்போது எல்லோரும் ஒன்றாகத்தான் இறங்குகிறார்கள். காதால் கேட்டிருக்கிறேனே தவிர, நான் கண்ணால் பார்த்ததில்லை.

துண்டு பறந்தது. என்னைச் சுற்றி நின்ற ஜனம் சரிவில் கொட்டியது. நான் செருப்பைக் கழற்றினேன்.

"அக்கா, எங்க போறீங்க?"

"எறங்கப் போறேன். நீ இங்கனயே நில்லு."

அவள் நிற்கவில்லை. நோட்டையும் போனையும் பைனாகுலரையும் கண்ணாடியையும் என் பையில் போட்டு வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு, சுடிதார்க் காலைச் சுருட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். தண்ணீர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் கீழே சேறு. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு நடு ஜனத்துக்குள் போனேன்.

"யாருத்தா அது, இந்த வயசுல? வழுக்கிக் கிழுக்கி விழுந்துறாத. எந்த ஊரு?" என்று ஒரு ஆள் கேட்டார்.

"இந்த ஊருதேன். கீழத்தெரு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் மீனுக்குத் திரும்பிக்கொண்டார்கள். அது போதும் எனக்கு.

ஒரு விரால் என் கணுக்காலில் இடித்தது. வலை இல்லை, கூடை இல்லை. இரண்டு கையாலும் அமுக்கினேன். என் முழங்கை நீளம் இருந்தது. வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. அந்தப் பெண் ஒரு ஜிலேபிக் கெண்டையைப் பிடித்துவிட்டு, தன் வீட்டுப் பாஷையில் ஏதோ கத்தினாள். பக்கத்தில் இருந்த ஆள், "பாப்பா இந்திக்காரப் புள்ளையா?" என்று கேட்டார். "நான் மதுரண்ணே!" என்று அவரிடம் சண்டைக்குப் போனாள், மீனை விடாமல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்கு யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அம்புட்டுச் சேறு, அம்புட்டு வாடை. அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. மாணவிகள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய தாள் ஒன்று துறையில் இருக்கிறது. இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் துணைக்கு ஆள். அந்த ஆள் நான். நானே இறங்கியிருக்கிறேன்.

நோட்டுப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அவள் பேனாவை எடுத்து அதில் எழுதப் போனாள்.

"அதுல மீன் கீன்னு எழுதிராதத்தா."

"எழுதணுமேக்கா. சைபர் வந்ததுக்குக் காரணம் வேணும்ல."

"காரணத்த எழுதுனா, அப்ப நீங்க எங்கிட்டு நின்னீகன்னு கேப்பாக. சேத்துக்குள்ளன்னு சொல்லுவியா? ஜூன் மாசம் எனக்குக் கடுதாசி வராது."

ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். பிறகு, வானம் தெளிவு, காற்று இல்லை என்று எழுதினாள். நான் அடியில் கையெழுத்துப் போட்டேன். எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முக்கியமானது அதில் இல்லை. அது என் தப்பு. அவள் தப்பு இல்லை.

மறுநாள் ஞாயிறு போனோம். கலக்கி விட்ட சேறு முழுக்கக் குஞ்சு மீனும் புழுவும். கொக்கும் நாரையும் எங்கிருந்துதான் வந்தனவோ, கண்மாயே வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் மூன்று தடவை எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு.

பங்குனியில் அவள் எல்லாவற்றையும் எழுதி, கிராஃப் போட்டுத் தன் வழிகாட்டி சாரிடம் கொண்டு வந்தாள். நான் அதே அறையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஸ்லைடு கழுவிக்கொண்டிருந்தேன். சார் கெட்டவர் இல்லை. ஆனால் எதுவும் ஒழுங்காக, வரிசையாக இருந்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

"என்னம்மா இது? அறுபது, அம்பத்தெட்டு, அறுபத்தஞ்சுன்னு வருது. திடீர்னு பூஜ்யம். அதுக்கு மறுநாள் இருநூத்திப் பன்னெண்டு. வானம் தெளிவாம், காத்தும் இல்லையாம். பறவையெல்லாம் லீவு போட்டுட்டுப் போச்சா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அன்னைக்கு நீ போகல. போகாம வெறுமன விட்டுட்டு, மறுநாள் இஷ்டத்துக்கு எழுதியிருக்க. அப்படித்தான?"

"போனேன் சார்."

"போனேன்னா காரணத்தச் சொல்லு."

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். சாருக்கு எப்படித் தெரியும்?

அவர் குரலை இறக்கினார். "சரி விடு. திங்கக்கிழமை வெளியாள் வாரார். இத அவர் பாத்தா உன் புராஜெக்ட் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுருவார். பூஜ்யத்துல அம்பத்தஞ்சுன்னு போடு. மறுநாள் எழுபதுன்னு போட்டுக்க. கிராஃப் அழகா வந்துரும்." மேசை இழுப்பறையைத் திறந்து வொயிட்னரை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

பத்து வாரம் விடியற்காலையில் எழுந்து வந்தவள். ஒரு மடையானுக்காக பஸ்ஸை விட்டவள். அவள் அந்தக் குப்பியின் மூடியைத் திருகினாள். என்னால்தான் திருகுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்லைடைக் கீழே வைத்தேன். "அத மூடுத்தா" என்றேன்.

சார் திரும்பினார். "ஆயாம்மா, நீங்க உங்க வேலயப் பாருங்க."

"என் வேலதேன் சார் அது. அந்தப் பக்கத்துல என் கையெழுத்து இருக்கு. அம்பத்தஞ்சுன்னு நான் கையெழுத்துப் போடல."

"இது அகாடமிக் விஷயம். உங்களுக்கு என்ன தெரியும்?"

"அன்னைக்குப் பறவ இல்லைன்னு தெரியும் சார். ஏன் இல்லைன்னும் தெரியும். கண்மாய்ல மீன் பிடிச்சாக. ஆயிரம் சனம் நின்னுச்சு. நாங்களும் எறங்கிப் பிடிச்சோம். மறுநா அந்தச் சேத்துல மீன் பொறுக்கத்தேன் அம்புட்டுக் கொக்கும் வந்துச்சு. இந்தப் புள்ள எழுதத்தேன் போச்சு. எழுதாதன்னு சொன்னது நான்."

"அக்கா!" என்றாள் அந்தப் பெண்.

"நீ சும்மா இரு."

சார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வொயிட்னரைப் பார்த்தார். பிறகு எழுந்து துறைத் தலைவி மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மேடத்துக்கு என்னோடு பதினெட்டு வருஷப் பழக்கம். கதவருகிலேயே நின்று கேட்டார். "நெசமாவா? பொண்ணக் கூட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்குனீங்களா?"

"தண்ணி எங்க மேடம் இருந்துச்சு? சேறுதேன்."

"சிரிக்கிற விஷயம் இல்ல இது. அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா அவுங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீங்க கேக்குறது சரிதேன்" என்றேன். சரியாகத்தான் கேட்டார். "நானாத்தேன் வந்தேன் மேடம், அக்கா என்னய நிக்கத்தான் சொன்னாங்க" என்று அந்தப் பெண் குறுக்கே பேசினாள். மேடம் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"நடந்தத எழுதிக் குடுங்க. கடைசில மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வரி எழுதுங்க. நான் பிரின்சிபால்கிட்ட பேசி முடிச்சுர்றேன்."

தாள் வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். அரை மணி நேரம் ஆனது. அதுவரை மூன்று பேரும் அறையை விட்டுப் போகவில்லை. மீன்பிடித் திருவிழா நடந்தது, அதனால் பறவை இல்லை, எண்ணி முடித்த பிறகு இறங்கினோம், குறிப்பில் எழுத வேண்டாம் என்று நான் சொன்னேன், அப்படிச் சொன்னதற்கு மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மேடம் படித்தார். "எறங்குனதுக்கு?"

"அதுக்கு எழுத மாட்டேன் மேடம்."

"ஏங்க, அதான முக்கியம்! சட்டம் அதுதான?"

"சட்டப்படி என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். வேலய விட்டு நிறுத்துனாலும் சரி. மன்னிப்பு மட்டும் கேக்கச் சொல்லாதீக. அந்தக் கண்மாய்ல எறங்க எங்காத்தாவ விடல. ஊரே பிடிச்சு முடிக்கிற வரைக்கும் கரையிலதேன் நிக்க வச்சாக. நான் எறங்குனேன். அதுக்குப் போயி மன்னிப்புக் கேட்டேன்னா, அவள நிக்க வச்சது சரின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

சார் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

மேடம் தாளை மடித்தார். "அது வேற, இது வேற" என்றார்.

"உங்களுக்கு வேற மேடம்."

மேடம் அந்தப் பெண் பக்கம் திரும்பி, "பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கட்டும். என்ன நடந்துச்சுன்னு தனியா ரெண்டு பக்கம் எழுதிச் சேரு. மறுநாள் ஏன் கூடுச்சுங்கிறதையும் எழுது" என்றார்.

"மேடம், கிராஃப்ல ஒரு பள்ளம், ஒரு மலை. வெளியாள் சிரிப்பார்" என்றார் சார்.

"சிரிக்கட்டும்" என்றார் மேடம்.

திங்கட்கிழமை வெளியாள் வந்தார். மற்றவர்களுக்குப் பத்து நிமிஷம், இவளுக்கு முக்கால் மணி நேரம். நான் உள்ளே டீ கொண்டு போனபோது அவர் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தார். அவள் எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை, மீன் பிடித்த அன்றைக்குத் தவிர. நான் டம்ளரை வைக்கும்போது அவர் நிமிர்ந்து, "கூடப் போனது நீங்கதானா? வெரால் எம்புட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மார்க் வந்தபோது மண்புழுப் பையன்களுக்கு அவளைவிட மூன்று மார்க் அதிகம். கிராஃப் அவ்வளவு அழகு! அவள் கேண்டீன் வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள். அவர்கள் அவளுக்கும் ஒரு பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். திட்டிக்கொண்டே தின்றாள்.

ஜூன் மாதம் எனக்குக் கடிதம் வரவில்லை. மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இப்பவும் ஒன்னும் கெட்டுப் போயிடல. அந்த ஒரு வரிய எழுதிக் குடுங்க. நாளைக்கே ஆர்டர் வாங்கித் தாரேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"வேணாம் மேடம், வாரேன்" என்று சொல்லிவிட்டு, அலமாரிச் சாவிகளை ஒவ்வொன்றாக எந்தப் பூட்டுக்கு என்று சொல்லி அவர் மேசையில் வைத்தேன். ஒரு ஜாடிகூட உடையவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இப்போது கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பிளாஸ்டிக் மூடிகளை எண்ணிப் பையில் போடுகிற வேலை. ஒரு பைக்கு நூறு. பக்கத்தில் உட்காருகிற பெண்கள் எல்லாம் என் மகள் வயது. சேர்ந்த புதிதில் ஒருத்தி கேட்டாள், "பெரிய காலேசுல இருந்துட்டு இங்க எதுக்குக்கா வந்தீக? என்னமும் பிரச்சனையா?"

"மீன் பிடிச்சேன்னு நிறுத்திட்டாக" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, கையில் இருந்த பையில் நூறு இருக்கிறதா என்று இன்னொரு தடவை எண்ணிக் கட்டினேன்.